மலக்குப்பி போகும் வழியில்: கிண்டியிலிருந்து பரேல் வரை

திங்கள், கிண்டி

நாளைக் காலை கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கு இத்தனை வருடமாக வகுப்பறைப் பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கிய ஒரு பாதையை, ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. போலியோ கண்காணிப்பு வலையம் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். ஒரு குழந்தைக்குக் கால் துவண்டு போனதில் தொடங்கி, அதன் மலம் குப்பியில் ஏறி, ஐஸ் பெட்டியில் பயணம் செய்து, ஆய்வகத்தில் முடிகிற பாதை.

கிளம்புவதற்கு முன் இன்று கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் பக்கம் போனேன். அங்கே பெரியம்மைத் தடுப்பு மருந்து தயாரித்த காலம் ஒன்று உண்டு. 1899ல் தொடங்கிய இடம், வால்டர் கேவன் கிங் என்ற வெள்ளைக்கார சுகாதார அதிகாரியின் பெயர் வைத்தது. இப்போது அதே வளாகத்தில் 2023ல் திறந்த பெரிய அரசு மருத்துவமனை இருப்பதால் ஆட்டோக்காரருக்கு "புது ஆஸ்பத்திரி" என்று சொன்னால் போதும். கொரோனா சமயத்தில் ஊரே உச்சரித்த பெயர் கிங் இன்ஸ்டிடியூட் என்றாலும், உள்ளே போலியோ ஆய்வகம் ஒன்று சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பது பலருக்குத் தெரியாது. இந்தியாவில் இப்படி எட்டு இடங்கள்: சென்னை, பெங்களூரு, மும்பை, அகமதாபாத், டெல்லி, கசௌலி, லக்னோ, கொல்கத்தா. உலகம் முழுக்க 140க்கும் மேல், 90 சொச்சம் நாடுகளில். எல்லாரும் ஒரே செய்முறை, ஒரே செல்கள், ஒரே கெடு. வருடா வருடம் உலக சுகாதார நிறுவனத்திடமிருந்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாத குப்பிகள் வரும், அதைச் சரியாகக் கண்டுபிடித்தால்தான் அங்கீகாரம் நீடிக்கும்.

வெளியே டீக்கடையில் ஓய்வுபெற்ற டெக்னீஷியன் அக்கா ஒருவரைப் பார்த்தேன். செல் வளர்ப்பிலேயே முப்பது வருடத்தைக் கழித்தவர். "மலம்னதும் மூக்கைப் பிடிக்கிறாங்க தம்பி, அதுல எட்டு கிராம் இல்லன்னா எனக்குக் கையே ஓடாது" என்றார்.

எட்டு கிராம் என்பது கணக்கு. 15 வயதுக்குள் எந்தக் குழந்தைக்குக் கையோ காலோ திடீரென்று துவண்டு போனாலும், அது போலியோ மாதிரி தெரிகிறதா இல்லையா என்று யாரும் யோசிக்கக் கூடாது, உடனே தகவல் போக வேண்டும். குய்லான் பாரே நோயாக இருக்கலாம், தண்டுவட அழற்சியாக இருக்கலாம், பிட்டத்தில் தப்பாகப் போட்ட ஊசியால் நரம்பு அடிபட்டிருக்கலாம். எதுவானாலும் மலம் எடுக்க வேண்டும். கால் துவண்ட 14 நாளைக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை. வைரஸ் தினமும் ஒரே அளவில் வெளியேறாது, ஒரு நாள் தப்பினால் மறுநாள் மாட்டும், அதனால்தான் இரண்டு. அதிகம் வெளியேறுவது முதல் இரண்டு வாரம், அதனால்தான் 14 நாள். எடுத்த நிமிடத்திலிருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்து 72 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். தடுப்பு மருந்து நகரத்திலிருந்து கிராமத்துக்குக் குளிரோடு போகிறது, இது கிராமத்திலிருந்து நகரத்துக்குக் குளிரோடு வருகிறது. களத்தில் இருப்பவர்கள் இதை ரிவர்ஸ் கோல்டு செயின் என்பார்கள்.

வந்த மலத்தைக் குளோரோஃபார்ம் சேர்த்துக் குலுக்கி, சுழற்றித் தெளியவைத்து, அந்தத் தெளிவை இரண்டு வகைச் செல்களில் விடுவார்கள். ஒன்று ஆர்.டி., மனிதத் தசைக் கட்டியிலிருந்து வந்தது, குடலில் வாழும் வைரஸ்கள் பலவும் அதில் வளரும். இன்னொன்று எல்20பி, எலியின் செல், ஆனால் போலியோ வைரஸ் நுழையும் வாசலை மட்டும் மனிதனிடமிருந்து எடுத்து அதற்குள் வைத்திருக்கிறார்கள். பிறகு காத்திருப்பு. தினமும் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும், ஐந்து நாள். ஒன்றும் இல்லையென்றால் அந்தத் திரவத்தையே புதுச் செல்லில் விட்டு மறுபடி ஐந்து நாள். வைரஸ் இருந்தால், கண்ணாடியில் படலமாக ஒட்டியிருக்கும் செல்கள் உருண்டு சுருங்கிக் கழன்று மிதக்கும். அக்கா அதைச் சொல்லும்போது கைவிரல்களைக் குவித்து மெல்லப் பிரித்துக் காட்டினார். ஒரு குழாயிலும் கழலாத நாட்கள்தான் அவருடைய வேலையில் பெரும்பாலும். அந்த நாட்களிலும் ஒரு குழாயைக்கூட அவசரமாகப் பார்த்து மூடியதில்லை என்றார்.

இந்தப் பயணம் முழுக்க நான் சொல்லப் போவது இதைப் பற்றித்தான். போலியோவை ஒழித்தது சொட்டு மருந்து என்று எல்லாருக்கும் தெரியும். அந்தச் சொட்டு எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று சொன்னதும், கடைசியில் "இல்லை" என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னதும் இந்த ஆய்வகங்கள்.

செவ்வாய், ரயிலில்

விஜயவாடா தாண்டிவிட்டது. பக்கத்து இருக்கை அம்மா பேத்தியைப் பார்க்க ஷாலிமார் வரை வருகிறார், புளிசாதம் கொடுத்தார், நன்றாக இருந்தது.

வேலூரைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன். சிஎம்சியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் 1970களிலேயே ஒரு கசப்பான விஷயத்தைச் சொன்னார்: மேலைநாடுகளில் மூன்று தவணை சொட்டு மருந்து செய்கிற வேலையை நம் குழந்தைகளிடம் அது செய்வதில்லை. மூன்று தவணை போட்ட குழந்தைகளுக்கும் போலியோ வந்ததை அவர் பார்த்தார், பரிசோதித்தார், எழுதினார். அப்போது அதைக் கேட்க விரும்பியவர்கள் குறைவு. அவர் வேலூர் நகரத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் ஒரே நேரத்தில் சொட்டு மருந்து கொடுக்கும் முறையைச் செய்து காட்டினார், நகரத்தில் போலியோ ஒடுங்கியது. பின்னாளில் 1994 அக்டோபர் 2ல் டெல்லியிலும் 1995 டிசம்பரில் நாடு முழுக்கவும் வந்த பல்ஸ் போலியோவுக்கு முன்னோடி இங்கே, நம் ஊரில் இருந்தது. ஒரு டாக்டர் தன் ஆய்வகத்தின் முடிவை நம்பி, அதோடு பிடிவாதமாக நின்றார் என்பதுதான் எனக்கு இதில் முக்கியம்.

தமிழ்நாட்டில் 2004க்குப் பிறகு காட்டு வைரஸ் போலியோ இல்லை. காட்டு வைரஸ் என்றால் சொட்டு மருந்திலிருந்து வராமல் இயற்கையாகவே பரவும் போலியோ வைரஸ்.

புதன், பாஞ்சலா

ஷாலிமாரில் இறங்கி, லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு, பேருந்து பிடித்து ஹவுரா மாவட்டத்தின் பாஞ்சலாவுக்கு வந்தேன். நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் குளங்கள், வாழை, குறுகிய சிமெண்ட் பாதை, வீட்டுக்கு வீடு மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி ஜரிகை வேலை செய்யும் இளைஞர்கள். கொல்கத்தா, டெல்லிக் கடைகளில் தொங்கும் கல்யாணப் புடவைகளின் பளபளப்பில் கணிசமான பங்கு இந்தச் சட்டங்களிலிருந்து போகிறது.

இந்தியாவின் கடைசிக் காட்டு வைரஸ் போலியோ நோயாளி இந்தப் பகுதியில்தான். ஒரு பெண் குழந்தை, கால் துவண்ட தேதி 2011 ஜனவரி 13. அந்த வீட்டை நான் தேடவில்லை. பத்திரிகைக்காரர்கள் எத்தனையோ முறை வந்து போயிருப்பார்கள், இப்போது அவளுக்குப் பதினாறு வயது இருக்கும், அவள் வாழ்க்கையை அவள் வாழட்டும். டீ குடித்துவிட்டு மசூதிப் பக்கம் கொஞ்ச நேரம் நடந்தேன், அவ்வளவுதான்.

ஆனால் அந்தத் தேதியை நினைத்துப் பாருங்கள். 2009ல் இந்தியாவில் 741 குழந்தைகள். அந்த வருடம் உலகத்திலேயே அதிகம் நாம்தான். 2010ல் 42. 2011ல் ஒன்று. அந்த ஒன்று ஜனவரியில் வந்தது, அதற்கப்புறம் வரவே இல்லை, ஆனால் அது கடைசி என்று அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. கடைசி என்பது பின்னால் திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரியும். மூன்று வருடம் ஒரு நோயாளிகூட இல்லாமல் இருக்க வேண்டும், அதுவும் கண்காணிப்பு சரியாக நடந்துகொண்டிருக்க வேண்டும், அப்போதுதான் சான்றிதழ். 2014 மார்ச் 27ல் தென்கிழக்கு ஆசியப் பகுதி முழுவதுக்கும் சேர்த்துக் கிடைத்தது.

அந்த மூன்று வருடங்களில் ஆய்வகங்கள் பார்த்த வேலையை யாரும் கொண்டாடவில்லை. வருடத்துக்கு 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குக் கால் துவண்டதாகத் தகவல், ஒவ்வொருவருக்கும் இரண்டு குப்பி. ஒவ்வொன்றிலும் இல்லை, இல்லை, இல்லை. போலியோவே இல்லாத ஊரிலும் 15 வயதுக்குட்பட்ட லட்சம் குழந்தைகளில் குறைந்தது இரண்டு பேருக்கு வேறு காரணத்தால் கால் துவள்வது பதிவாக வேண்டும் என்று இந்தியா தனக்கு அளவு வைத்துக்கொண்டது. ஒரு மாவட்டம் ஒன்றுகூட அனுப்பவில்லை என்றால் அங்கே நோய் இல்லை என்று யாரும் மகிழ மாட்டார்கள், அங்கே பார்க்கிறவர் இல்லை என்று ஆள் அனுப்புவார்கள். வந்த நோயாளிகளில் நூற்றுக்கு எண்பது பேரிடமாவது சரியான நேரத்தில் இரண்டு மாதிரி எடுத்திருக்க வேண்டும். எடுக்க முடியாமல் போன குழந்தையை 60 நாள் கழித்துத் தேடிப்போய், கால் பலவீனம் மிச்சமிருக்கிறதா என்று பார்த்து, நிபுணர் குழுவில் வைத்து முடிவெடுப்பார்கள். எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது இதுதான். நோயைத் தேடுவதோடு, தேடுகிறோமா என்பதையும் கூடவே அளந்துகொண்டிருந்தார்கள்.

என் சித்தப்பா மகன் 1981ல் பிறந்தவன். இடது காலில் இரும்புச் சட்டம் மாட்டித்தான் பள்ளிக்கு வருவான், மழைநாளில் சட்டம் துருப்பிடித்துத் தோலை உரசும். அவன் மகள் போன வருடம் கல்லூரியில் நூறு மீட்டர் ஓடினாள்.

வெள்ளி, குசேஸ்வர் ஸ்தான்

நேற்று இரவு சியால்டாவில் கங்காசாகர் எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் குளிரில் நடுங்கிக்கொண்டு பீகாரின் தர்பங்காவில் இறங்கினேன். பனிமூட்டத்தில் ரயில் ஊர்ந்தது. தர்பங்காவைச் சுற்றி எங்கு பார்த்தாலும் குளம், குளத்தில் மக்கானா, பொரித்துத் தின்னும் விதைக்காக வளர்க்கும் நீர்ச்செடி. அங்கிருந்து பகிர்வு ஜீப்பில் பிரௌல் வழியாகக் குசேஸ்வர் ஸ்தான். கோயில் ஊர், சிவன் கோயில். ஊரைச் சுற்றித் தண்ணீர், மணல், மறுபடி தண்ணீர்.

கோசி ஆறு இங்கே மனிதர்கள் வரைந்த கோட்டுக்குள் அடங்குவதில்லை. இருபுறமும் கரை எழுப்பியிருக்கிறார்கள், அந்த இரண்டு கரைகளுக்கு நடுவிலேயே நூற்றுக்கணக்கான கிராமங்கள் மாட்டிக்கொண்டு இருக்கின்றன. 2008 ஆகஸ்டில் நேபாளப் பக்கம் குசஹாவில் கரை உடைந்து ஆறு பழைய பாதையில் பாய்ந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். போலியோ ஒழிப்பில் இந்த மண்ணுக்கு ஒரு தனி இடம் உண்டு. நாட்டில் மிஞ்சியிருந்த வைரஸின் பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பக்கம் 66 வட்டாரங்களிலும் பீகாரில் இந்தக் கோசிப் பகுதியை ஒட்டிய 41 வட்டாரங்களிலும் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். 107 வட்டாரத் திட்டம் என்று பெயர். அதைக் கண்டுபிடித்தது எதை வைத்து? மலக்குப்பியின் முடிவையும் அது எந்த ஊரிலிருந்து வந்தது என்ற விலாசத்தையும் வைத்துத்தான்.

இன்று என்னை அழைத்துப் போனவர் அறுபது தாண்டியவர், சொட்டு மருந்துக் குழுவில் பல வருடம் நடந்தவர். நான் அவரை பையா என்றேன், இந்தியில் அண்ணன், அவர் என்னை மாஸ்டர் சாப் என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார். படகில் ஏறி, இறங்கி, மணலில் நடந்து, மறுபடி படகு. ஒரு இடத்தில் நின்று, "இங்கே ஒரு கிராமம் இருந்தது" என்று தண்ணீரைக் காட்டினார். வரைபடத்தில் இருந்த கிராமம் அடுத்த வருடம் இல்லை, வரைபடத்தில் இல்லாத குடிசைகள் மணல்திட்டில் முளைத்திருக்கும். அறுவடைக்கும் மாடு மேய்க்கவும் குடும்பத்தோடு வந்து சில மாதம் தங்கும் குடிசைகள் அவை, பாசா என்கிறார்கள். அந்தக் குழந்தைகள் எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள். சுகாதார நிலையத்திலிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்புவது நடக்காது என்பதால், ஆற்றுக்குள்ளேயே சின்னச் சின்ன முகாம்கள் போட்டு, இரவு தங்கி, மறுநாள் அடுத்த திட்டுக்குப் போனார்கள். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மார்பளவு தண்ணீரில் நடந்ததை அவர் சாதாரணமாகச் சொன்னார். சுவரில் சாக்பீஸால் பி என்று எழுதினால் அந்த வீட்டில் எல்லாக் குழந்தையும் ஆயிற்று, எக்ஸ் என்றால் திரும்ப வர வேண்டும். குழந்தையின் இடது சுண்டுவிரலில் மார்க்கர் மை. எக்ஸ் வீட்டுக்கு அவர் எத்தனை தடவை போவார் என்று கேட்டேன். "பி ஆகுற வரைக்கும்" என்றார்.

நான் கேட்க வந்தது குப்பியைப் பற்றி. இந்தத் திட்டில் ஒரு குழந்தைக்குக் கால் துவண்டால் யாருக்கு முதலில் தெரியும்? டாக்டருக்கு நிச்சயம் தெரியாது. மந்திரிக்கிறவர், எலும்பு கட்டுகிறவர், பட்டம் இல்லாமல் ஊசி போடுகிறவர், இவர்களிடம்தான் தாய் முதலில் ஓடுவாள். வலையத்தை அமைத்தவர்கள் அதைக் குறைசொல்லிக்கொண்டு உட்காரவில்லை, அவர்களையே தகவல் சொல்பவர்களாகச் சேர்த்துக்கொண்டார்கள். 1997ல் தொடங்கிய தேசிய போலியோ கண்காணிப்புத் திட்டத்தின் மருத்துவ அதிகாரிகள், எஸ்.எம்.ஓ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள், மோட்டார் சைக்கிளில் போய் இந்த வைத்தியர்களோடு உட்கார்ந்து பேசி, போன் நம்பர் கொடுத்துவிட்டு வருவார்கள். நம் பக்கமும் இதே கதைதான், எலும்பு முறிவுக்குப் புத்தூர் கட்டு போடுகிறவரிடம் போகாத குடும்பம் உண்டா?

பையாவின் அனுபவத்தில் கஷ்டமானது இரண்டாவது குப்பி. முதல் நாள் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவிடலாம். மறுநாள் போனால் குடும்பம் வேறு திட்டுக்குப் போயிருக்கும், இல்லையென்றால் குழந்தைக்கு மலச்சிக்கல். கால் துவண்ட குழந்தைக்கு அது சகஜம். அப்போது அங்கேயே உட்கார்ந்திருப்பாராம். ஐஸ் உருகும், இன்னொருவர் படகில் புது ஐஸ் கொண்டு வருவார். குப்பி கிடைத்ததும் படகு, சைக்கிள், ஜீப், ரயில். அந்தக் குப்பியில் ஒட்டும் எண்ணில் நாடு, மாநிலம், மாவட்டம், வருடம், வரிசை எல்லாம் இருக்கும். அந்த ஒரு எண்தான் ஆற்றுக்குள் இருக்கும் குடிசையைக் குளிரூட்டிய அறையில் இருக்கும் செல்லோடு கட்டிவைக்கிறது.

மதியம் ஒரு குடிசையில் சாப்பிடச் சொன்னார்கள். அவலும் தயிரும் வெல்லமும். மறுக்க மனம் வரவில்லை.

ஞாயிறு இரவு, பவன் எக்ஸ்பிரஸ்

தர்பங்கா வழியாக மும்பை லோகமான்ய திலக் வரை போகும் ரயில். வேண்டுமென்றே இதில் ஏறினேன், வைரஸும் இதே வழியாகத்தான் போயிருக்கிறது. பொதுப் பெட்டியிலும் ஸ்லீப்பரிலும் நிற்க இடமில்லை, கட்டட வேலைக்கும் தையல் வேலைக்கும் போகிற கூட்டம். எதிர்ப் படுக்கைப் பையன் இரண்டு வருடம் திருப்பூரில் இருந்தவன், "அண்ணா, சாப்டீங்களா" என்று தமிழில் கேட்டான். சமஸ்திபூரில் லிட்டி சோக்கா வாங்கிக் கொடுத்தான், காசு வாங்கவில்லை.

அவனிடம் ஏன் இந்தப் பயணம் என்று விளக்கியது பெரிய சந்தோஷம், ஏனென்றால் சட்டென்று பிடித்துக்கொண்டான். வைரஸ் ஆளுக்கு ஆள் தாவும்போது தன் மரபணுவைப் பிரதி எடுக்கிறது, பிரதி எடுக்கும்போது தப்பு விடுகிறது. வைரஸின் மேலுறையைக் கட்டும் விபி1 என்ற பகுதியில் சுமார் 900 எழுத்துகள். வருடத்துக்கு நூற்றுக்கு ஒன்று என்ற வேகத்தில் மாறும், அதாவது ஒன்பது எழுத்து. இந்தியாவில் கிடைத்த வைரஸ்களின் எழுத்துகளை மும்பையில் வரிசைப்படுத்தி ஒப்பிட்டுப் பார்த்தால் எது எதற்குப் பங்காளி, இரண்டும் எப்போது பிரிந்தன என்று தெரிந்துவிடும். யாரிடமும் போய் விசாரிக்கத் தேவையில்லை, வைரஸே தன் ஊரைச் சொல்லும். மும்பைச் சாக்கடையில் கிடைத்த வைரஸ்களுக்குப் பல சமயம் சொந்த ஊர் உத்தரப் பிரதேசமும் பீகாரும்தான் என்று தெரிந்தது இப்படித்தான். 2010ல் தஜிகிஸ்தானில் 450க்கும் மேற்பட்டவர்களை முடக்கிய வைரஸின் நெருங்கிய உறவும் உத்தரப் பிரதேசத்தில்தான் இருந்தது. அங்கோலாவுக்கும் இங்கிருந்து போயிருக்கிறது.

இதில் இன்னொரு விஷயம் எனக்கு எப்போதும் சிலிர்ப்பு தரும். ஒரு வைரஸ் கிடைக்கிறது, தெரிந்த எந்த வைரஸோடும் நெருக்கம் இல்லை, ஒன்றரை சதவீதத்துக்கு மேல் விலகி நிற்கிறது என்று வையுங்கள். அப்படியானால் அது வருடக்கணக்கில் எங்கோ நம் கண்ணில் படாமல் சுற்றியிருக்கிறது. அநாதை வைரஸ் என்பார்கள். ஒரு எழுத்து வரிசையைப் பார்த்து, "நம் வலையில் ஓட்டை இருக்கிறது, இந்தப் பக்கம்" என்று ஆய்வகம் சொல்ல முடியும். நோய்க் கண்காணிப்பில் தன் குறையைத் தானே காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு இவ்வளவு துல்லியமாக வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

பையன் கேட்டான்: "ரயிலை நிறுத்தவா முடியும்?" முடியாது. அதனால் ரயிலுக்குள்ளேயே போனார்கள். ரயில் நிலையங்களில், ஓடும் பெட்டிகளில், பேருந்து நிறுத்தங்களில், செங்கல் சூளைகளில் சொட்டு மருந்துக் குழுக்கள் நின்றன. தனக்கும் ஏதோ ஒரு ஸ்டேஷனில் சுண்டுவிரலில் மை வைத்ததாக அம்மா சொல்லுவார் என்றான்.

செவ்வாய், பரேல்

மும்பையின் பரேலில் இருக்கும் ஹாஃப்கின் இன்ஸ்டிடியூட் வளாகம். மரங்களுக்கு நடுவே பழைய கவர்னர் மாளிகை, 1899ல் பிளேக் ஆய்வகமாக மாறியது. வால்டெமார் ஹாஃப்கின் 1897ல் பிளேக் தடுப்பூசி கண்டுபிடித்ததும் இதே நகரத்தில். அந்த வளாகத்தில் 1949ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) தொடங்கிய போலியோ ஆராய்ச்சிப் பிரிவு பிறகு என்டெரோவைரஸ், அதாவது குடல் வைரஸ், ஆராய்ச்சி மையமாக வளர்ந்தது, இப்போது புனே தேசிய நச்சுயிரியல் நிறுவனத்தின் மும்பைக் கிளை. உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிறப்பு போலியோ ஆய்வகங்களில் ஒன்று. கிண்டியில் சந்தேகப்பட்டது, லக்னோவில் சந்தேகப்பட்டது எல்லாம் எழுத்து வரிசைக்காக இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. வைரஸ் வைத்திருக்கும் பகுதிக்குள் என்னைப் போன்றவர்களை விட மாட்டார்கள், விடவும் கூடாது. நோயை ஒழித்த பிறகு அது திரும்பி வர இருக்கும் வழிகளில் ஆய்வகமும் ஒன்று, அதனால் கதவுகள் வருடத்துக்கு வருடம் இறுகிக்கொண்டே போகின்றன. வெளியிலிருந்து கட்டடத்தைப் பார்த்தேன், மனதுக்கு நிறைவாக இருந்தது.

புதன், தாராவி

விடியற்காலை. சாக்கடை வாய்க்கால் பக்கம். மாதிரி எடுப்பதைத் தள்ளி நின்று பார்க்க ஒருவர் ஏற்பாடு செய்து கொடுத்தார். கையுறை, பூட்ஸ், நீளக் கம்பில் கட்டிய வாளி. ஊர் எழுந்து கழிப்பறை போகும் நேரம்தான் சரியான நேரம். ஒரு லிட்டர். மூடியை இறுக்கி, வெளியே துடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கிளம்பிவிட்டார்கள். மொத்தம் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

கால் துவண்ட குழந்தையைத் தேடுவது போதாதா, சாக்கடை எதற்கு? வைரஸ் தொற்றிய எல்லாருக்கும் கால் துவள்வதில்லை. போலியோ வைரஸில் மூன்று வகை உண்டு: முதல் வகையில் சுமார் 200 பேருக்கு ஒருவர், மூன்றாம் வகையில் ஆயிரத்துக்கு ஒருவர், இரண்டாம் வகையில் அதைவிடவும் குறைவு. மீதிப் பேர் நன்றாக விளையாடிக்கொண்டே வைரஸைக் கழித்துக்கொண்டிருப்பார்கள். அந்த மீதிப் பேரைப் பார்க்க இருக்கும் பெரிய ஜன்னல் சாக்கடை. மும்பையில் 2001ல் தொடங்கினார்கள், அப்புறம் டெல்லி, பாட்னா, கொல்கத்தா என்று விரிந்தது. ஆய்வகத்தில் இந்தத் தண்ணீரில் அரை லிட்டரை எடுத்து, இரண்டு பாலிமர்களைக் கலந்து புனல் குடுவையில் ஓர் இரவு குளிரில் தொங்கவிடுவார்கள். இரண்டு அடுக்காகப் பிரியும், வைரஸ் அடியில் சின்ன அடுக்கில் சேரும். அதைத்தான் செல்லில் விடுவார்கள். அப்புறம் அக்கா சொன்ன அதே ஐந்து நாள், ஐந்து நாள்.

லண்டனில் 2022ல் பெக்டன் கழிவுநீரில் வைரஸ் தெரிந்தது, ஒரு குழந்தைக்கும் கால் துவள்வதற்கு முன். காசாவில் 2024 ஜூனில் எடுத்த கழிவுநீரில் இரண்டாம் வகை தெரிந்தது, ஆகஸ்டில் கால் துவண்ட பத்து மாதக் குழந்தைக்குப் போலியோ என்று உறுதியானது. குண்டு விழும் ஊரில் யாரோ ஒருவர் குனிந்து சாக்கடைத் தண்ணீர் எடுத்திருக்கிறார், இன்னொருவர் அதை எல்லை தாண்டிக் கொண்டுபோயிருக்கிறார். அவர்களைப் பற்றித்தான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த இரண்டு ஊரிலும் கிடைத்தது காட்டு வைரஸ் இல்லை, சொட்டு மருந்தின் பலவீனமான வைரஸ், தடுப்பு குறைந்த ஊரில் நெடுநாள் சுற்றி, மாறி, பலம் பெற்றது. அதைப் பிரித்தறியவும் அந்த 900 எழுத்துகள்தான். இரண்டாம் வகைக் காட்டு வைரஸ் 1999ல் அலிகரில் கடைசியாகக் கிடைத்தது, அதன்பின் உலகத்தில் எங்கும் இல்லை என்று உறுதியான பிறகுதான் 2016 ஏப்ரலில் அந்த வகையைச் சொட்டு மருந்திலிருந்தே எடுத்தார்கள். அந்த உறுதியைக் கொடுத்ததும் ஆய்வகங்கள்தான்.

காட்டு வைரஸ் இப்போது பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் சுற்றுகிறது, 2024ல் பாகிஸ்தானில் மட்டும் 74 பேர். இங்கே குப்பி வருவது நிற்கக் கூடாது. இதே ஆட்கள், இதே ஐஸ் பெட்டி, இதே முறையை வைத்துத்தான் இந்தியாவில் தட்டம்மை, ரூபெல்லா ஆய்வக வலையத்தைக் கட்டினார்கள். உலக அளவில் அந்தத் தட்டம்மை வலையம் 700க்கும் மேற்பட்ட ஆய்வகங்கள், அத்தனைக்கும் பணம் ஒரே நாட்டிலிருந்து, அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 2025ல் அது நிற்கும் நிலை வந்தபோது உலக சுகாதார நிறுவனம் வெளிப்படையாக எச்சரித்தது. எனக்கு இதில் கோபம் இருக்கிறது. இல்லாத வைரஸுக்கு எதற்குச் செலவு என்று கேட்கிறவர்கள் குசேஸ்வர் ஸ்தானில் ஒரு நாள் இரண்டாவது குப்பிக்காகக் காத்திருந்து பார்க்கட்டும்.

இன்று காலை எடுத்த லிட்டரின் முடிவு வர மூன்று வாரம்போல ஆகும், அதற்குள் நான் வகுப்புக்குத் திரும்பியிருப்பேன். இதைப் படிக்கிறவர்கள் ஒன்று மட்டும் செய்யுங்கள். உங்கள் தெருவில் 15 வயதுக்குட்பட்ட குழந்தை யாருக்காவது கையோ காலோ திடீரென்று துவண்டுவிட்டால், அடிபட்டதால் என்று வீட்டில் சொன்னாலும் சரி, எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம் என்று நாளைக் கடத்தாமல் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்றைக்கே சொல்லுங்கள். மலம் கேட்டு ஆள் வருவார். இரண்டாம் நாளும் வருவார், அப்போதும் கொடுங்கள்.